நாசகாரிகளுக்கு மரண அறிவித்தல் எழுதியவர்

"விண்ணப்பதாரர் ஐம்பத்தொரு வயது ஆண். கட்டடத் துப்புரவுப் பணியில் முதுகில் நிரந்தரப் பாதிப்பு. நோர்வேஜிய மொழியில் பேச்சு போதுமானது, எழுத்து பலவீனம். எழுத்து சார்ந்த வேலைக்கு உகந்தவர் அல்லர். தானாக முன்வந்து எதையும் செய்யும் இயல்பு குறைவு. முரண்பாடுகளைத் தவிர்ப்பவர். தெளிவான அறிவுறுத்தல் கொடுத்தால், திரும்பத் திரும்பச் செய்யும் எளிய பணிகளைச் செய்யக்கூடும்."

2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒஸ்லோவின் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் சோதிலிங்கத்தைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு இது. எழுதிய பெண் நல்லவர், பொறுமைசாலி. நாற்பது நிமிடம் ஒதுக்கி அவரோடு கதைத்தார். அதில் முப்பத்தைந்து நிமிடம் கதைத்தவர் அந்தப் பெண்தான் என்பதால், எதிரே இருந்தவருக்கு முன்வரும் இயல்பு குறைவு என்ற முடிவுக்கு அவர் வந்ததில் வியப்பில்லை. சோதிலிங்கமும் மறுக்கவில்லை. அதனால் முரண்பாடுகளைத் தவிர்ப்பவர் என்பதும் உறுதியாயிற்று.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒஸ்லோத் தமிழர் வீடுகளில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் தொலைபேசி அழைப்பு சவ அடக்கம் செய்யும் நிறுவனத்துக்குப் போகும், இரண்டாவது அழைப்பு ஹொல்ம்லியாவில் இருக்கும் சோதிலிங்கத்துக்குப் போகும். சில வீடுகளில் இந்த ஒழுங்கு மாறியும் இருக்கும். பெட்டி ஒரு நாள் பிந்தலாம், அறிவித்தல் பிந்தக்கூடாது.

மரண அறிவித்தல் எழுதுவது எளிது என்று நினைப்பவர்கள் அதை வாசிப்பவர்கள் மட்டும்தான். எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், யாருடைய அன்பு மகன், யாருடைய பாசமிகு தந்தை, யார் யாருடைய மைத்துனர் என்று அடுக்கிக்கொண்டு போகவேண்டும். ஒரு மைத்துனியின் பெயர் அவளுடைய தங்கையின் பெயருக்குப் பின்னால் வந்துவிட்டால் இரண்டு குடும்பங்கள் ஏழு வருடத்துக்கு ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் போகமாட்டார்கள். வேறொருவர் எழுதிய அறிவித்தலில் ஒரு பெரியப்பாவுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று விழுந்துவிட்டது. அந்தப் பெரியப்பாவே ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்து, தான் எப்போது காலம் சென்றேன் என்று விசாரித்தார். சோதிலிங்கத்தின் கையால் அப்படி எதுவும் நடந்ததில்லை. அவரிடம் ஒரு முறை இருந்தது. எழுதி முடித்ததும் தகப்பன் பக்கத்தில் ஒருவருக்கும் தாய் பக்கத்தில் ஒருவருக்கும் தொலைபேசி எடுத்து, முழுவதையும் வாசித்துக் காட்டுவார். இரண்டு பக்கமும் கேட்காமல் அவர் எதையும் வெளியே விட்டதில்லை. இலங்கைச் சண்டையில் இரண்டு பக்கமும் கேட்பதை நோர்வே என்ற நாடே அப்போது தொழிலாகச் செய்துகொண்டிருந்தது. சோதிலிங்கம் அதைக் கொஞ்சம் சின்ன அளவில், கொஞ்சம் கூடுதல் வெற்றியோடு செய்தார்.

ஒரேயொரு தவறு உண்டு. 1998இல் ஒரு குடும்பம், விருப்பக் கலியாணம் செய்துகொண்டு வெஸ்ட்லியில் இருந்த மகள் புஷ்பராணியின் பெயரைத் தகப்பனின் அறிவித்தலில் போடவேண்டாம் என்றது. இரு பக்கத்தாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சோதிலிங்கம் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் அந்தப் பெண் தொலைபேசி எடுத்தாள். அழவில்லை, ஏசவில்லை.

"அண்ணை, அப்பா செத்தது எனக்குத் தெரியும். நான் எப்ப செத்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

 அன்றிலிருந்து சோதிலிங்கம் பெயரைச் சேர்க்கச் சொன்னால் கேட்பார், எடுக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள் என்பார். அவ்வளவு சரியாக எழுத வேறு ஆள் இல்லாதபடியால் புஷ்பராணிக்குப் பிறகு ஒஸ்லோவில் பல பிள்ளைகள் தகப்பன்மாரின் அறிவித்தலில் உயிரோடு இருந்தார்கள்.

எழுத்து வேலைக்கு உகந்தவர் அல்லர் என்று குறிக்கப்பட்ட இவரை அலுவலகம் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. தமிழர்கள் 'ப்ராக்சிஸ்' என்று சொல்லும் வேலைப் பயிற்சி. அட்டைகளைப் பார்த்துக் கணினியில் தட்டுவது திரும்பத் திரும்பச் செய்யும் எளிய பணி என்று யாரோ நினைத்திருக்கவேண்டும்.

காப்பகம் ஷோயனில், சிறு படகுகள் கட்டியிருக்கும் துறைக்கு மேலே, இரண்டு அறைகளில் இருந்தது. ஓஸ்ஹைம் என்ற கப்பல் முதலாளி ஒருவர் தன் ஆயுளில் சேர்த்த 'நாசகாரி' எனப்படும் பிரித்தானிய வேகப் போர்க்கப்பல்களின் படங்களும் குறிப்பட்டைகளும் அங்கே கிடந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினேழு கப்பல்கள், எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருடத்துக்குள் கடலில் இறங்கியவை. ஓஸ்ஹைமின் பேரன் ஹென்ரிக் ஒரு சங்கம் அமைத்து, தானே தலைவராகி, அவற்றை ஒரு நூலாகப் பதிப்பிக்கத் தீர்மானித்திருந்தார். அங்கே இருந்த ஒரே ஊழியர் ஓட்வார். அறுபத்திரண்டு வயது, மெலிந்த மனிதர், பதினொன்றரைக்குப் பழுப்புச் சீஸ் வைத்த பாண் சாப்பிடுபவர். எந்தக் கப்பலில் எத்தனை அங்குலப் பீரங்கி எத்தனை இருந்தது என்று நித்திரையிலும் சொல்வார். எந்தக் கப்பலில் எந்த மனிதர் இருந்தார் என்பது அவருக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

சோதிலிங்கத்துக்குக் கப்பல் என்றாலே ஆகாது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாது. ஒஸ்லோவில் பதினேழு வருடத்தில் ஒரேயொரு தடவை நெஸ்ஸொட்டன் படகில் ஏறினார். இருபத்தைந்து நிமிடப் பயணம். இறங்கியபின் பேருந்தில் சுற்றி வளைத்துத்தான் வீடு வந்தார். இன்னொரு சங்கடமும் இருந்தது. நோர்வேயில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பத்து வயது மூத்த மனிதரை 'ஓட்வார்' என்று வாய்திறந்து கூப்பிட இவருக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அருகருகே வேலை செய்து, ஒரு தடவைகூட எந்தப் பெயராலும் அவரை விளிக்காமல் சமாளித்தது சோதிலிங்கத்தின் தனித் திறமை.

ஓட்வாரின் அறிவுறுத்தல் தெளிவாக இருந்தது: எங்கே கட்டப்பட்டது, எங்கே பணியாற்றியது, எப்படி முடிந்தது, இவ்வளவையும் சில வரிகளில் எழுது. முதல் வாரம் முடிந்து, சோதிலிங்கம் நோர்வேஜிய மொழியில் தட்டி வைத்ததை எடுத்து வாசித்தார் ஓட்வார்.

"தைன் ஆற்றங்கரையைப் பிறப்பிடமாகவும் ஹாரிச் துறைமுகத்தை வதிவிடமாகவும் கொண்ட இக்கப்பல், 1916ஆம் ஆண்டு மே மாதம் வடகடலில் மூழ்கியது. இது காலஞ்சென்ற இன்னின்ன கப்பல்களின் அன்புச் சகோதரியும், இன்னின்ன கப்பல்களின் மூத்த சகோதரியும் ஆகும்."

ஓட்வார் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்துவிட்டு, பிறகு கோபப்பட்டார். இது என்ன பாணி என்று கேட்டார். எங்கள் பாணி என்றார் சோதிலிங்கம். ஒன்று பிறந்து ஓரிடத்தில் இருந்து முடிந்தது என்றால் வேறு எப்படி எழுதுவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. 'அன்பு' என்ற சொல்லை எடுக்கும்படி ஓட்வார் கட்டளையிட்டார். சகோதரிகளை எடுக்கச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட கப்பல்களைச் சகோதரிகள் என்று சொல்வது கடற்காரர்களின் வழக்கமும்தான். ஆனால் முப்பது வருடமாக அட்டைகள் அகரவரிசையில் கிடந்தனவே தவிர, எதற்கு எது சகோதரி என்று ஒருவரும் ஒழுங்காகத் தொடுத்து வைத்திருக்கவில்லை. தமிழ்ச் செத்தவீட்டு முறைப்படி முதல் தடவையாக அவை குடும்பம் குடும்பமாக வந்து நின்றன.

அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் முறை சோதிலிங்கத்துடையதாயிற்று. 1916இல் நூபியன் என்ற நாசகாரி முன்பாதியை இழந்தது. அடுத்த மாதம் அதன் சகோதரி சூலு பின்பாதியை இழந்தது. பிரித்தானியர் சூலுவின் முன்பாதியையும் நூபியனின் பின்பாதியையும் பொருத்தி, சூபியன் என்று பெயர் வைத்து மறுபடி சண்டைக்கு அனுப்பினார்கள். ஓட்வாருக்கு இது பொறியியல் சாதனை. சோதிலிங்கத்துக்கு உறவுமுறைச் சிக்கல்.

"சூலுவுக்கும் நூபியனுக்கும் காலஞ்சென்ற என்று போடலாமா?" என்று கேட்டார். "பாதி பாதி உயிரோடு இருக்கிறதே. பிறகு இந்தப் புதியது இருவருக்கும் பிள்ளையா, தங்கையா?"

ஓட்வார் அன்று பாண் சாப்பிட மறந்தார். மறுநாள் காலை வந்து, மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே, மூன்றையும் 1919இல் ஒன்றாகப் புதைக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். சூபியன் உடைப்புக்கு விற்கப்பட்ட வருடம் அது.

இப்படி ஒன்றரை வருடம் போனது. 2006 வசந்தத்தில் ஓட்வார் ஒரு நல்ல செய்தி சொன்னார். நூல் அச்சுக்குப் போகும் வேளையில் காப்பகத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கத் தலைவருக்கு விருப்பம். அது சோதிலிங்கத்துக்கே கிடைக்கவேண்டும் என்று ஓட்வார் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு நத்தார்ப் பண்டிகைக்கு முன் நடக்கும் கூட்டத்தில். இது சின்ன விடயமல்ல. பயிற்சிக் காலம் முடிந்துகொண்டிருந்தது. நிரந்தர வேலை இல்லையென்றால் அலுவலகம் அவரைத் திரும்ப எங்காவது நின்று குனிந்து தூக்கும் வேலைக்கு அனுப்பும். முதுகு அதைத் தாங்காது என்று வைத்தியரே சொல்லியிருந்தார். ஹொல்ம்லியாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்த மனைவி சிவரஞ்சினி, பணியிடம் கிடைத்தால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தாள். ஒஸ்லோவில் ஒரு தேங்காய் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அவளுடைய பக்தியின் ஆழம் புரியும்.

மிச்சம் இருந்தவை ஆறு கப்பல்கள். முதலாளி ஓஸ்ஹைம் 1921இல் பிரித்தானியரிடம் உடைப்புக்காக வாங்கிய நாசகாரிகள் அவை. ஆறின் அட்டையிலும் முதலாளியின் சொந்தக் கையெழுத்தில் ஒரே வரி: 'ஸ்தவாங்கருக்கு அருகில் உடைக்கப்பட்டது, 1922.' நூலின் கடைசி அத்தியாயம் இந்த ஆறும்தான். பேரனின் முன்னுரையும் இவற்றைப் பற்றியே. தட்டி முடிக்க அரை நாள் போதும்.

ஆனால் வாங்கிய பக்கம் கேட்டாயிற்று, உடைத்த பக்கம் கேட்கவில்லை. ஸ்தவாங்கரில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பொறியியலாளராக இருந்த மைத்துனன் இந்திரகுமாருக்குச் சோதிலிங்கம் தொலைபேசி எடுத்தார். அங்கே ஆவணக் காப்பகத்தில் அந்த உடைப்புத் துறையின் வரவுப் புத்தகம் இருக்கிறதாம், ஒரு சனிக்கிழமை போய்ப் பார் என்றார். அடுத்த கிழமை இந்திரகுமார் திரும்ப எடுத்தான்.

"அத்தான், அஞ்சு கப்பல் வந்திருக்கு. ஆறாவது நவம்பரிலை வரவேண்டியது, வரேல்லை. ராறன்ற் எண்டு பேர்."

"வரேல்லையோ, எழுதேல்லையோ?"

"எழுதினவன் ஒழுங்கான ஆள் அத்தான். வந்த ஆணியையும் எழுதியிருக்கிறான்."

1921 நவம்பர் மாத உள்ளூர்ப் பத்திரிகைகளின் பிரதி வேண்டும் என்றார் சோதிலிங்கம். செய்திப் பக்கம் தேவையில்லை, மரண அறிவித்தல் பக்கம் மட்டும் போதும். அத்தானுக்கு இந்த உலகத்தில் வேறு பொழுதுபோக்கே இல்லையா என்று இந்திரகுமார் கேட்டான். ஆனாலும் பிரதி எடுத்து அனுப்பினான். பொறியியலாளன் ஆனபடியால், சொன்னதை மீறி ஒரு செய்திப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினான்.

செய்தி சுருக்கமாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து இழுத்துவரப்பட்ட பழைய போர்க்கப்பல் ஒன்று, நவம்பர் பதினோராம் திகதி புயலில் கயிறு அறுந்து, ஸ்தவாங்கருக்குத் தெற்கே யாரன் கரைக்கு வெளியே மூழ்கியது. கப்பலில் எவரும் இருக்கவில்லை என உரிமையாளர் ஓஸ்ஹைம் தெரிவித்தார்.

ஓட்வார் இதை வாசித்து, சரி, 'இழுத்து வரும்போது மூழ்கியது' என்று திருத்திவிடலாம், முதலாளிக்கு வயதான காலத்தில் ஞாபகம் பிசகியிருக்கலாம் என்றார். சோதிலிங்கம் செய்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அறிவித்தல்களைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் படித்தார்.

அந்த மாதம் அந்தக் கரையில் கடலில் இறந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் பதினான்கு பேருடைய அறிவித்தலில் அவர்கள் போன படகின் பெயர் இருந்தது. அது அந்தக் கரையின் வழக்கம் என்பது தெரிந்தது. ஐந்து பேருடைய அறிவித்தலில் படகின் பெயர் இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே திகதி, நவம்பர் பதினொன்று. நான்கில் 'மீன்பிடியின்போது' என்ற ஒரே சொல், ஒருவரே எழுதிக் கொடுத்தது போல இருந்தது. ஒரு வீட்டில் எதையோ விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அது அறிவித்தலில் எந்த இடத்தில் தெரியும் என்பது சோதிலிங்கத்துக்கு அத்துப்படி. ஐந்தாவது அறிவித்தல் இரண்டு நாள் பிந்தி வந்திருந்தது. ஹன்னா ரைமெ என்ற பெண் தன் கணவன் மீக்காலுக்காகக் கொடுத்தது: 'இங்கிலாந்திலிருந்து வீடு திரும்பும் வழியில், இரும்புக் கப்பலில்.'

ஒரு பக்கம் கிடைத்தது. மறு பக்கத்துக்காகக் கடலோடிகளைப் பதிவுசெய்த பழைய அலுவலகப் புத்தகங்களின் பிரதிக்கு எழுதினார். ஜூலையில் வந்தது. 1921 ஒக்ரோபர் இறுதியில் ஐந்து பேர் ஒரே பயணத்துக்குப் பதிந்திருக்கிறார்கள்: இங்கிலாந்து போய்த் திரும்புவது. இழுக்கப்படும் கப்பலில் நின்று சுக்கானையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கப்பலின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு. வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் ஓஸ்ஹைம்.

அட்டையைச் சோதிலிங்கம் எழுதினார். கப்பலின் முடிவு, அதன்கீழ் ஐந்து பெயர்கள். ஓட்வார் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை என்றார். தலைவரிடம் காட்டவேண்டும் என்பதை வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஓகஸ்ட் இறுதியில் தலைவர் வந்தார். கோப்பியும் ஏலக்காய்ப் பணிஸும் வைக்கப்பட்டன. ஹென்ரிக் ஓஸ்ஹைம் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். சோதிலிங்கத்தின் வேலையை மனதாரப் பாராட்டினார். பிறகு, இது கப்பல்களைப் பற்றிய நூல், மனிதர்களைப் பற்றியது அல்ல என்று நினைவுபடுத்தினார். எண்பத்தைந்து வருடத்துக்கு முன் நடந்தது, தாத்தா பதில் சொல்ல உயிரோடு இல்லை. இருவருக்கும் பொருத்தமாக ஒரு வரி போட்டுவிடலாம்: 'ராறன்ற், 1921இல் இல்லாமற் போனது.'

"இதில் பொய் ஒன்றும் இல்லையே," என்றார்.

"பொய் இல்லை," என்றார் சோதிலிங்கம். "ஆட்களும் இல்லை."

 ஓட்வார் யன்னலுக்கு வெளியே, முப்பது வருடமாகப் பார்த்த அதே படகுத் துறையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். தலைவர் மிகுதிப் பணிஸைச் சாப்பிட்டு முடித்து, பணியிடம் பற்றிக் கூட்டத்தில் பேசுவோம் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். மிரட்டல் என்று சொல்ல அதில் எதுவும் இருக்கவில்லை. நோர்வேயில் மிரட்டல் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் சிவரஞ்சினிக்கு விடயம் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, அந்த அஞ்சு பேரும் உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"அப்ப ஏன் உங்களுக்கு இந்த வேலை? திரும்பத் துடைப்பம் பிடிக்கப் போறியளோ? முதுகு எனக்கோ நோகப்போகுது?"

"முறை இருந்தா வீட்டுக்காரர் எழுதுவினம். இல்லாதபடியாத்தானே நான் எழுதுறன்."

அவள் அடுப்படிக்குப் போனாள். சாப்பாட்டை மேசையில் வைத்த சத்தத்தில் அவளுடைய கட்சி எது என்று தெரிந்தது. தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் தவராசாவும் விடயம் கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தார். "மச்சான், எங்கடை சனத்திலை சாகிறவை காணாதெண்டு இப்ப வெள்ளைக்காரரையும் பிடிச்சிட்டீரோ?" என்று கேட்டு, அரசியல் வேறு கதைத்து, கடைசியில் அவரும் பணியிடம்தான் முக்கியம் என்றார்.

அட்டையை நூலில் எப்படிப் போடுவது என்பது தலைவரின் உரிமை. அதில் சோதிலிங்கத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நூல் அவருடையது. ஆனால் பத்திரிகை அவருடையது அல்ல. நவம்பர் பதினொன்றுக்கு எண்பத்தைந்து வருடம் நிறைகிறது. ஊரில் ஓராண்டு, ஈராண்டு என்று நினைவஞ்சலி போடுவது வழக்கம். எண்பத்தைந்தாம் ஆண்டுக்குப் போடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து, நோர்வேஜிய மொழியில், தமிழ் முறையில் எழுதினார்.

"பேர்க்கன்ஹெட்டைப் பிறப்பிடமாகவும் ஹாரிச்சை வதிவிடமாகவும் கொண்ட ராறன்ற் என்ற நாசகாரி, 11.11.1921 அன்று யாரன் கரைக்கு வெளியே மூழ்கியது. அதில் எவரும் இருக்கவில்லை எனக் கூறப்பட்டது. அதில் இருந்தவர்கள்: தொர்கெல் விக்ரே, ஏர்லிங் சாந்தெ, ஸ்வென் ஓப்ரஸ்தா, கார்ல் சேலெ, மீக்கால் ரைமெ. உடைப்புக்காக அதை வாங்கி, இவர்களை வேலைக்கு அமர்த்தியவர் கப்பல் முதலாளி ஓஸ்ஹைம். உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். தகவல்: சோதிலிங்கம், ஹொல்ம்லியா."

அதன்கீழ் வீட்டுத் தொலைபேசி இலக்கம். தமிழ் அறிவித்தல்களில் அது இல்லாமல் முடியாது. செய்தி கேட்டவர் யாரிடம் துக்கம் விசாரிப்பது?

மறுநாள் காலை தாளைக் காணவில்லை. மாலையில் சிவரஞ்சினி வேலையால் வந்து அதை மேசையில் வைத்தாள். முதியோர் இல்லத்தில் இருந்த ஓய்வுபெற்ற நோர்வேஜிய மொழி ஆசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஆசிரியை சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டிருந்தார். வேறு திருத்தம் இல்லை.

"பிழை பிழையா எழுதி என்ரை மானத்தை வாங்கக்கூடாது எண்டுதான் காட்டினனான்," என்றாள் சிவரஞ்சினி. "வேலை போனா நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் கேட்கவில்லை. முரண்பாடுகளைத் தவிர்ப்பவரான சோதிலிங்கம், பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முதல்நாள், காலை பத்து மணிக்கு, காப்பகத்தில் ஓட்வாரின் முன்னாலேயே, தலைவர் ஓஸ்ஹைமுக்குத் தொலைபேசி எடுத்தார். ஓர் அறிவித்தல் போடப்போகிறேன், உங்கள் குடும்பத்தின் பெயர் வருவதால் வாசித்துக் காட்டவேண்டும் என்றார். தலைவர் மறுப்பதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 

தன் தொலைபேசி இலக்கம்வரை வாசித்து முடித்தார்.

"போடவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டால்?" என்றார் தலைவர்.

"உங்கள் பக்கத்தில் ஏதாவது சேர்க்கவேண்டும் என்றால் சொல்லுங்கள், சேர்க்கிறேன். எடுக்க முடியாது."

"பணியிடம் பற்றி யோசித்தீர்களா?"

"யோசித்தேன்," என்றார் சோதிலிங்கம். "சேர்க்க ஒன்றும் இல்லையா?"

இல்லை என்றார் தலைவர். நன்றி சொல்லி, மரியாதையாகவே தொலைபேசியை வைத்தார். ஓட்வார் எழுந்து போய்க் கோப்பி ஊற்றி, முதல் தடவையாக ஒரு கோப்பையைச் சோதிலிங்கத்தின் மேசையிலும் வைத்தார். தலைவருக்குப் பணியிடம் பற்றித் தான் எழுதிய கடிதத்தை மறுபடி அனுப்பப்போவதாகச் சொன்னார். அனுப்பினாரா என்பது தெரியவில்லை. அனுப்பியிருந்தாலும், வழக்கம்போல மிக மெல்லிய சொற்களில் எழுதியிருப்பார்.

ஸ்தவாங்கர்ப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து பேசிய பெண் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? எந்த உறவும் இல்லை, எழுதியவர் என்றார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லாததால் அவள் 'ஏனையோர்' என்று குறித்துக்கொண்டாள்.

அறிவித்தல் சனிக்கிழமை வந்தது. அன்று காலை ஒன்பது மணி முதல் ஹொல்ம்லியா வீட்டுத் தொலைபேசி அடித்தது. விக்ரேயின் பேரன் ஒருவர், சாந்தெயின் தங்கையுடைய பேத்தி ஒருத்தி, ஒருவரையொருவர் அறியாத சேலெ குடும்பத்தார் மூவர். தங்கள் ஆள் மீன்பிடிக்கப் போனதாகவே எல்லாரும் கேட்டு வளர்ந்திருந்தார்கள். எந்தப் படகு என்று ஒருவரும் கேட்டதில்லை. சோதிலிங்கம் எல்லாருக்கும் பதிவுப் புத்தகத்தின் வரியை அப்படியே வாசித்தார். சிவரஞ்சினி ஒரு கொப்பியை எடுத்துவந்து அழைத்தவர்களின் பெயரையும் இலக்கத்தையும் எழுதினாள். யாருக்கு யார் என்ன முறை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

பதினோராவது அழைப்பில் ஒரு பெண்ணின் குரல், மெல்லியது, அவசரம் இல்லாதது. மீக்கால் ரைமெயின் மகள். தகப்பன் போனபோது வயது மூன்று, இப்போது எண்பத்தெட்டு. தாய் ஹன்னா சாகும்வரை இரும்புக் கப்பல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்றாள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். மகளும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்படியென்றால் அது இரும்புதானா?"

"ஓம்," என்றார் சோதிலிங்கம், தமிழில். பிறகு அவளுடைய மொழியிலும் சொன்னார்.

நத்தாருக்கு முன் கூட்டம் நடந்தது. காப்பகத்தில் நிரந்தரப் பணியிடம் இப்போதைக்கு உருவாக்கப்படவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. சோதிலிங்கத்தின் துல்லியத்துக்கும் ஒத்துழைப்புக்கும் அதில் நன்றி சொல்லப்பட்டிருந்தது. ராறன்றின் அட்டை மேலதிக ஆய்வுக்காக நூலிலிருந்து எடுத்துவைக்கப்பட்டது. கடைசி அத்தியாயம் ஐந்து கப்பல்களோடு அச்சுக்குப் போனது, முன்னுரையில் மட்டும் ஆறு என்றே இருந்தது. 2007 மாசியில் அலுவலகம் சோதிலிங்கத்தை ஒரு சலவை நிலையத்துக்கு, துணி அடுக்கும் வேலைக்கு அனுப்பியது. சிவரஞ்சினி தேங்காய் உடைக்கவில்லை.

சோதிலிங்கம் இரண்டு வருடமும் நான்கு மாதமும் அந்தக் காப்பகத்தில் இருந்து இருநூற்றுப் பதினேழு நாசகாரிகளின் முடிவை எழுதினார். இருநூற்றுப் பதினாறு நூலில் வந்தன. மிகுதி ஒன்றை, அதோடு போன ஐந்து பேரின் பெயரையும் போட்டு, தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கீழே போட்டு, பத்திரிகையில் வெளியிட்டார்.